தொட்டிலும் தொலைவும்

சாலமன் மன்னன் வழங்கிய தீர்ப்பைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஒரு குழந்தை, அதற்கு உரிமை கொண்டாடி இரண்டு பெண்கள். வாளைக் கொணர்க, குழந்தையை இரு கூறாக்குக, ஆளுக்கொரு பாதி தருக என்றான் மன்னன். ஒருத்தி இசைந்தாள். மற்றவளோ, குழந்தை பிழைத்தாற்போதும், அவளிடமே இருக்கட்டும் என்று கதறினாள். விட்டுக்கொடுக்கத் துணிந்தவளே தாய் என்று கண்ட மன்னன், அவளிடமே குழந்தையை ஒப்படைத்தான்.

கதையை மெச்சுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மன்னன் முன் நின்ற இருவரில் ஒருத்தி பொய்யள். ஆகவே அவன் வேலை எளிதாயிற்று. பொய்யை வெளிக்கொணர ஒரு சூழ்ச்சி போதுமானதாக இருந்தது. இருவருமே மெய் சொல்பவராக இருந்திருந்தால்? இருவருமே பெற்றவராக, இருவருமே வளர்த்தவராக, இருவருக்காகவும் அந்தக் குழந்தை ஏங்குவதாக இருந்திருந்தால்? சாலமனின் வாள் என்ன செய்திருக்கும்?

கதையில் எழாத இந்தக் கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடும்ப நீதிமன்றங்களில் ஓயாது எழுந்துகொண்டிருக்கிறது. மணவிலக்குப் பெற்ற தாயும் தந்தையும் குழந்தையை வளர்க்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்களில் ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர விரும்புகிறார். குழந்தையை உடன் அழைத்துச் செல்லலாமா, கூடாதா? கேள்வி ஒரே வரி. விடையோ, ஐம்பது ஆண்டுகளாக அங்குமிங்கும் ஆடிக்கொண்டேயிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை நாமே புனைந்துகொள்வோம். ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. வாரத்தின் பெரும்பகுதி தாயுடன். புதன்கிழமை மாலையும், ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியும் தந்தையுடன். தாய் மருத்துவமனையில் செவிலி. தந்தை பள்ளி ஆசிரியர். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தாய்க்கு உயர்ந்த பதவியும் மிகுந்த ஊதியமும் கிடைக்கின்றன; அவளுடைய தமக்கையும் அங்கேயே வாழ்கிறாள். கொலம்பசுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஏறத்தாழ 1000 மைல். புதன்கிழமை மாலைகள் அந்த ஆயிரம் மைலைத் தாண்டி வர மாட்டா.

இங்கே கொடியவர் எவருமில்லை. தாய் குழந்தையைப் பிரித்துத் தந்தையைப் பழிவாங்கக் கிளம்பவில்லை. தந்தை முன்னாள் மனைவியைத் தளையிட்டு மகிழ நினைக்கவில்லை. ஒருவர் வாழ நினைக்கிறார். ஒருவர் இழக்க மறுக்கிறார். இத்தகைய வழக்கில் நாம் எந்தப் பக்கம் நிற்பது?

பெண்ணுரிமை பேசுவோர் நாம். ஆதலால் தாயின் பக்கமே நிற்போம் என்று நம் தோழர் சிலர் உடனே கூறக்கூடும். சற்றுப் பொறுத்துச் சிந்திக்க வேண்டுகிறோம். விரைந்து கூறும் விடை பெரும்பாலும் பழகிய விடையாகவே இருக்கும். பழகியதை ஆராயாமல் ஏற்பதில்லை என்பதன்றோ பகுத்தறிவாளரின் முதற்பாடம்?

முதலில், நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைக் காண்போம். குழந்தை தந்தையின் சொத்து என்பதே உலகின் பெரும்பகுதியில் நெடுங்காலம் நிலவிய கொள்கை. பெண்ணை வயலென்றும் ஆணை வித்தென்றும் வகுத்து, விளைச்சல் யாருக்கு என்று வழக்காடியது மனுநீதி. சீர்மை பேசிய இங்கிலாந்தும் பின்தங்கிவிடவில்லை. கணவனைப் பிரிந்த கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர், தம் பிள்ளைகளைக் காணவும் உரிமையற்றவராக நின்றார். அவர் எழுப்பிய குரலால் 1839-ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தாய் நீதிமன்றத்தை வேண்டலாம் என்றது அது. வேண்டலாம், அவ்வளவே! குழந்தையின் நலனே முதன்மையானது என்று அந்நாட்டுச் சட்டம் எழுத்தில் ஏற்றது 1925-ல். நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டமோ, தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகே தாய் என்று எழுதிவைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம், "பிறகு" என்ற சொல்லுக்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளன்று என விளக்கம் தந்த பின்னரே, உயிரோடிருக்கும் தந்தையின் நிழலிலிருந்து தாய் சற்று வெளியே வர முடிந்தது.

இவ்வளவு நெடிய வழி நடந்து நாம் பெற்ற உண்மை ஒன்றுதான்: குழந்தை எவருடைய சொத்துமன்று. இந்த உண்மையைத் தந்தைக்கு எதிராக உரக்கக் கூறிய நாம், தாய்க்கு எதிரிலும் கூறத்தானே வேண்டும்?

அமெரிக்காவில் தந்தையின் ஆட்சி தளர்ந்தபின், இளங்குழந்தை தாயிடமே இருக்க வேண்டும் என்ற கோட்பாடு ஆண்டது. பின்னர் ஆணும் பெண்ணும் சமம் என்ற குரல் ஓங்கவே, அதுவும் தளர்ந்தது. 1979-ல் கலிபோர்னியா மாநிலம் கூட்டு வளர்ப்புப் பொறுப்புக்கு வழிவகுத்துச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் அந்த வழியில் நடந்தன. மணம் முறியலாம், பெற்றோர் என்ற உறவு முறியாது என்பதே அதன் உட்கருத்து. நல்ல கருத்து. ஆனால் இருவரும் அருகருகே வாழும் வரைதான் அது நடைமுறைக்கு எளிது. சாலமன் கையிலிருந்தது வாள். இந்நாளைய நீதிபதியின் கையிலிருப்பது நாட்காட்டி. நாட்களைக் கூறுபோட்டுத் தந்தால் குழந்தை கூறுபடாமல் தப்பும். ஒருவர் ஆயிரம் மைல் நகர்ந்ததும் அந்த நாட்காட்டி கிழிகிறது.

குடிபெயர்வுக்குச் சட்டம் வேலி கட்டியது வீண்பிடிவாதத்தால் அன்று. ஒரு மாநிலத்து நீதிமன்றத்தில் தோற்றவர், இரவோடிரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்து, அடுத்த மாநிலத்தில் தமக்குச் சாதகமான ஆணை பெற்ற காலம் ஒன்றிருந்தது. அதைத் தடுக்கவே 1980-ல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. 1997-ல் மாநிலங்களுக்கென ஒரே சீரான சட்டம் வரையப்பட்டு, ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை ஏற்றன. வழக்குத் தொடங்குமுன் ஆறு மாதம் தொடர்ந்து குழந்தை எங்கு வாழ்ந்ததோ, அதுவே அதன் தாய் மாநிலம். அங்கே முதல் ஆணை பிறந்தபின், பெற்றோரில் ஒருவர் அங்கு வாழும் வரை, ஆணையை மாற்றும் அதிகாரமும் அந்த மாநிலத்துக்கே. குழந்தையோடு குடிபெயர்வதற்கும் அளவுகோல்கள் உண்டு. புளோரிடாவில் 50 மைல்; மிச்சிகனில் 100 மைல். அந்தத் தொலைவைத் தாண்டுவதானால் மற்றவரின் இசைவு வேண்டும். இசையாவிடில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்டு வருபவருக்கு நீதிமன்றங்கள் என்ன கூறின? நியூ ஜெர்சி மாநிலத்தைப் பாருங்கள். 1976-ல் அங்கு எழுந்த தீர்ப்பொன்று, மணவிலக்குக்குப் பின் தாயும் குழந்தையும் ஒரு புதுக்குடும்பம். அக்குடும்பத்துக்கு நன்மையானது குழந்தைக்கும் நன்மையே என்றது. 2001-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம், பெரும்பொறுப்பு வகிப்பவர் நல்லெண்ணத்தோடு செல்வதையும், குழந்தைக்குக் கேடில்லை என்பதையும் காட்டினால் போதும் என்றது. 2017-ல் அதே நீதிமன்றம் அந்த அளவுகோலைக் கைவிட்டு, குழந்தையின் நலன் எதுவோ அதையே ஒவ்வொரு வழக்கிலும் ஆராய்க என்றது. கலிபோர்னியாவும் அவ்வாறே ஆடியது. குடிபெயர்வு இன்றியமையாதது என்று தாய் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றது அதன் உச்ச நீதிமன்றம், 1996-ல். தந்தையோடுள்ள உறவு நலிவதையும் எடைபோடலாம் என்றது, 2004-ல்.

அறிவியலைக் கேட்டால் என்ன? அதையும் கேட்டனர். 1996-ஆம் ஆண்டு வழக்கில் உளவியலறிஞர் ஜூடித் வாலர்ஸ்டீன் தம் ஆய்வுகளை முன்வைத்தார். எவருடன் குழந்தை வாழ்கிறதோ, அவருடைய நலத்தோடு குழந்தையின் நலமும் பின்னியது என்பது அவர் வாதம். 2003-ல் சான்போர்டு பிரேவரும் அவர் துணைவரும், மணவிலக்குப் பெற்றோரின் பிள்ளைகளான அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்து, பெற்றோரில் ஒருவர் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் நகர்ந்த குடும்பங்களில் வளர்ந்தோர் பல வகையிலும் பின்தங்கியிருக்கக் கண்டனர். ஆனால் தொலைவு துன்பத்துக்குக் காரணமா, முன்னரே இருந்த துன்பம் தொலைவுக்குக் காரணமா? அந்த ஆய்வு அதை நிறுவவில்லை. ஆய்ந்தவர்களும் நிறுவியதாக உரிமை கொண்டாடவில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றைப் பெற்றதாகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எஞ்சி நிற்பது "குழந்தையின் நலன்" என்ற சொற்றொடர். அழகிய சொற்றொடர், நாமும் வணங்காமலேயே மதிக்கும் சொற்றொடர். எனினும் அழகிய சொற்கள் மந்திரமாகிவிடும் ஆபத்து உண்டு. நலன் என்றால் எது? மிகுந்த வருவாயா, பழகிய பள்ளியா? தாயின் நிம்மதியா, தந்தையின் புதன்கிழமையா? எதை எதனோடு எந்தத் தராசில் நிறுப்பது? இந்த அளவுகோல் முடிவு கூறவல்லதன்று என்று சட்ட அறிஞர் இராபர்ட் நூக்கின் 1975-லேயே எழுதினார். அளவுகோல் மங்கலானால், அளப்பவரின் விருப்பமே அளவாகிவிடும். சாத்திரத்தின் பெயரால் புரோகிதன் தன் விருப்பத்தைச் சொன்னான். நலனின் பெயரால் நீதிபதி தன் விருப்பத்தைச் சொல்லிவிடலாகாது.

ஆகவே, நலனை அளக்குமுன் விசாரணையே நேர்மையானதா என்று பார்ப்போம். அங்கேதான் நாம் கூற விரும்பும் செய்தி இருக்கிறது.

நம் செவிலித் தாய் கூண்டில் நிற்கிறாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்கிறார்: "அனுமதி மறுக்கப்பட்டால், குழந்தையை இங்கே விட்டுவிட்டு நீ மட்டும் போவாயா?"

அவள் என்ன சொல்வாள்? போவேன் என்றால், பதவிக்காகப் பிள்ளையை விடுபவள் என்று பெயர் வரும். போக மாட்டேன், பிள்ளையோடு இங்கேயே இருந்துவிடுவேன் என்றாலோ, அனுமதி மறுப்பதால் இழப்பேதுமில்லை, எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பெழுத வழி பிறக்கும். எந்த விடை தந்தாலும் வலை. சாலமன், விட்டுக்கொடுக்கத் துணிந்தவளுக்குப் பரிசளித்தான். இங்கோ விட்டுக்கொடுக்கத் துணிந்தவளின் துணிவே அவளுக்கு விலங்காகிறது! அன்பு மிகுந்தவரே அதிகம் தோற்கும்படி அமைந்த விசாரணையை நீதி என்று எப்படி அழைப்பது?

இன்னொன்றும் பாருங்கள். இந்தக் கேள்வி ஒருவரிடமே கேட்கப்படுகிறது. அதே கொலம்பஸ் ஆசிரியர் நாளை சியாட்டிலில் வேலை தேடிக்கொண்டு போவதானால், வழக்கமாக அவரைத் தடுப்பார் எவருமில்லை. பார்க்கும் நாட்களை மாற்றி எழுதுவதோடு காரியம் முடியும். அவர் போனாலும் குழந்தைக்குத் தந்தை தொலைவாவார். தாய் குழந்தையோடு போனாலும் தந்தை தொலைவாவார். குழந்தையின் இழப்பு ஒன்றே. தடை மட்டும் ஒருவர் காலில்! குழந்தையை அதிக நாட்கள் சுமப்பவருக்கே அதிகத் தளை என்றால், அது சுமந்ததற்குத் தரும் தண்டனை அன்றோ? மாநிலம்விட்டு மாநிலம் சென்று வாழும் உரிமை அரசியல் சட்ட உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-லும் 1999-லும் உறுதி கூறியிருக்கிறது. வறுமைக்கான அரசு உதவி பற்றிய வழக்குகள் அவை. அந்த உரிமை, பிள்ளை வளர்ப்பவரின் வாயிலில் வந்ததும் தயங்கி நிற்கிறது.

இவ்வளவும் கூறியதால், தாயின் வழக்கு வென்றது என்று எழுந்துவிட வேண்டாம். தந்தையின் பக்கமும் ஒரு குரல் உண்டு. அதைக் கேட்கும் கடமை மற்றெவரையும்விட நமக்கே மிகுதி. குழந்தை வளர்ப்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று, ஆணும் தொட்டிலை ஆட்ட வேண்டும் என்று மேடைதோறும் பேசியவர்கள் நாம். ஓர் ஆண் அதை மெய்யென நம்பினான். பால் புகட்டினான், காய்ச்சலில் கண்விழித்தான், நீந்தக் கற்பித்தான், தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினான். அவனிடம் சென்று, நீ ஆட்டிய தொட்டில் ஆயிரம் மைல் போகிறது, திங்கள்தோறும் பணம் அனுப்பு, கோடை விடுமுறையில் வந்து பார் என்று கூறினால், அவன் நம்மைத் திருப்பிக் கேட்பான்: "தந்தை என்பவன் பணம் தருபவன் மட்டுமல்ல என்று எனக்குக் கற்பித்தவர் நீங்களல்லவா?" அவனுக்கு விடை கூறாமல் பெண்ணுரிமை பேசுவது அரைகுறைப் பேச்சு. பொறுப்பைப் பகிரச் சொல்லிவிட்டு, உறவைப் பகிர மறுப்பது நேர்மையாகாது.

இருவர் வழக்கும் மெய் என்றால் வழியென்ன? ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்பதுதான் வழி. நீ ஏன் போகிறாய் என்று தாயிடம் கேட்கும் நீதிமன்றம், நீ ஏன் உடன்போகக் கூடாது என்று தந்தையிடமும் கேட்கட்டும்.

இது வேடிக்கைப் பேச்சன்று. நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டுப் பெருமன்றம் 1996-ல் இதைத் தொட்டது. அதுவரை, அசாதாரணச் சூழ்நிலை என்று காட்டினாலன்றி அனுமதியில்லை என்றிருந்த வழக்கத்தைத் தள்ளி, எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுக என்று கூறிய அம்மன்றம், குடிபெயர்வுக்குத் தக்க காரணமிருந்தால், ஈடுபாடுள்ள மற்றப் பெற்றோரும் கூடவே குடிபெயர இயலுமா என்பதையும் கருதலாம் என்றது. சிறிய வாசகம், ஆனால் அது ஒரு பெரிய கதவைத் திறக்கிறது. ஆசிரியர் வேலை டெக்சாசிலும் உண்டு. கொலம்பசில் அவருக்கு வீடு இருக்கலாம், முதிய தாய் இருக்கலாம், இரண்டாம் மணத்தில் பிறந்த இன்னொரு குழந்தை இருக்கலாம். அவை மெய்யான தடைகளானால் அவற்றை எடைபோடுவோம். ஆனால், நான் ஏன் நகர வேண்டும், நகர நினைத்தவள் அவளல்லவா என்பது மட்டுமே விடையானால், அது குழந்தையின் மீதுள்ள அன்பன்று. இருந்த இடத்தின் மீதுள்ள உரிமையுணர்வு. தாயிடமும் அவ்வாறே: ஹூஸ்டனில் கிடைப்பது கொலம்பசில் கிடைக்காதா? ஊதிய உயர்வில் ஒரு பகுதியைப் பயணச் செலவுக்கு ஒதுக்குவாயா? கோடை முழுதும் குழந்தையைத் தந்தையிடம் விட மனம் உண்டா? இவற்றுக்கு ஆம் என்பவளின் நல்லெண்ணத்துக்கு வேறு சான்று வேண்டாம்.

அப்படிக் கேட்கும்போது, விட்டுக்கொடுக்க ஒருவர் காட்டும் இசைவை அவருக்கு எதிரான சான்றாக்குவதை நீதிமன்றம் தவிர்க்க வேண்டும். குழந்தை பேசும் வயதினதானால், அதைக் கூண்டில் ஏற்றாமல், தனியறையில், அன்போடு கேட்க வேண்டும். கேட்பது அறிவதற்காக, தேர்ந்தெடுக்கும் சுமையை அதன் தலையில் ஏற்றுவதற்காக அன்று. அடியும் அச்சமும் நிலவிய வீட்டிலிருந்து தப்பியோடுபவரை, ஏன் போகிறாய் என்று வரிசையில் நிறுத்திக் கேட்கும் கொடுமை கூடவே கூடாது. அங்கே தொலைவுதான் மருந்து. 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், அத்தகையோர் அடைக்கலம் புகுந்த மாநிலம் அவசரமாகத் தலையிட இடம் வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் பிணக்கு நமக்கெதற்கு என்று கேட்பார் உளர். நம் ஊர் இளைஞரும் இளநங்கையரும் அந்நாட்டில் பணியாற்றுகின்றனர். அங்கே மணமும் நடத்துகின்றனர், மணவிலக்கும் பெறுகின்றனர். கணவனின் வேலை அனுமதியை ஒட்டி எச்-4 அனுமதியில் தங்கும் மனைவிக்கு, மணவிலக்கானதும் அந்த அனுமதி அற்றுப்போகிறது. குழந்தை அந்நாட்டில் வேரூன்றியிருக்கும். தாய்க்கோ அங்கே தங்க வழியிருக்காது. அவளுக்குக் கொலம்பசும் ஹூஸ்டனும் அல்ல, கொலம்பசும் கோவையும் என்பதே கேள்வி. எல்லை கடந்து கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்ப வகைசெய்யும் 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அயல்நாட்டு ஆணை எதுவாயினும் குழந்தையின் நலனே தலையாயது என்று 2017-ல் நம் உச்ச நீதிமன்றம் கூறியது. கூட்டு வளர்ப்புப் பொறுப்பை நம் சட்டத்தில் சேர்க்குமாறு சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில், 2015-ல், பரிந்துரைத்தது. ஆகவே இந்தக் கேள்வி நம் வாயிலிலும் நிற்கிறது. அமெரிக்கா ஐம்பது ஆண்டுகளில் செய்த தவறுகளை நாமும் முதலிலிருந்து செய்துதான் கற்க வேண்டுமா?

சட்டம் வரட்டும், வரவேண்டும். அதுவரை நம் வீடுகளில் ஒரு பழக்கத்தைத் தொடங்கலாம். பிள்ளை யாருக்கு என்று நம் பஞ்சாயத்துகள் கேட்கின்றன. மாமன் கேட்கிறான், பாட்டி கேட்கிறாள். அந்தக் கேள்வியில் இன்னும் வயலின் வாடையும் வித்தின் வாடையும் வீசுகின்றன. பிள்ளைக்கு யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். தாய், தந்தை, பழகிய திண்ணை, பள்ளித் தோழி என்று விடை நீளும். அவர்களில் எவரை அது இழந்தாலும் இழப்பே. இழப்பேயில்லாத தீர்ப்பை எந்த நீதிபதியாலும் எழுத முடியாது. அந்த இழப்பின் சுமையைப் பெரியவர் இருவரும் ஒப்பப் பகிர்ந்து, குழந்தையின் பங்கைக் குறைக்க முடியும்.

அதைத்தான் கேட்கிறோம். தூரம் போகிறவர் மட்டும் குற்றவாளியல்லர். நின்ற இடத்தில் நிற்பவர் மட்டும் நல்லவருமல்லர். நகர்பவரிடம் கேட்கும் கேள்வியை நிற்பவரிடமும் கேட்கும் நாளில்தான், குழந்தை எவருடைய சொத்துமன்று என்ற சொல் மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்.